கத்தரிக் கன்றுகளுக்குப் போர்த்திய வேட்டி

ஐயா, அம்மணி, உறைபனி ஓயும் மே மாத நீண்ட வார இறுதி விடுமுறைக்கு முன் கத்தரிக் கன்றுகளை வெளியே நடலாகாது என்பது ரொறன்ரோவில் தோட்டம் செய்வோர் யாவரும் அறிந்த விதி. ஏப்ரலில் நான்கு நாள் வெயில் எறித்ததும், அவ்விதி எனக்குப் பொருந்தாது என முடிவு செய்தேன். மாசி மாதம் முதல் என் மனைவி யன்னலோரத்தில் வெறுமையான மாஜரீன் வெண்ணெய்ப் பெட்டிகளில் வளர்த்த கன்றுகள் அனைத்தையும், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நட்டு முடித்தேன்.

அன்று மாலையே, இரவு உறைபனி விழும் என்று வானொலி அறிவித்தது.

"கண்டு பட்டுப்போச்செண்டால் இந்த வருஷம் உங்களுக்குக் கத்தரிக்காய்க் கறி இல்லை," என்றார் மனைவி.

கோயில் திருவிழாவுக்கென மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைப் பாத்தி முழுவதும் போர்த்தி, மூலைகளில் செங்கல் வைத்தேன்.

காலையில் பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அண்ணை, ஆரைக் கிடத்தியிருக்கிறியள்?"

"இன்னும் தெரியாது, துணியைத் தூக்கினாத்தான் தெரியும்," என்றார் என் மனைவி.

தூக்கினோம். கன்றுகள் நிமிர்ந்தே நின்றன. மனைவி அவற்றிடம் மட்டும் சுகம் விசாரித்துவிட்டு உள்ளே போனார்.

கன்றுகளைக் காத்தது அன்றிரவு தாம் கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடன் என்று மனைவி இப்போது எல்லோருக்கும் சொல்லி வருகிறார். ஆகையால், வேட்டியின் பங்கைக் கூறும் இக்குறிப்பை, இதைப் படிக்கும் தாங்கள் எறியாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.