படையலில் நான் வைத்த போத்தல்

மீன் வெட்டிக்கொண்டிருந்த கையோடுதான் போனை எடுத்தேன். யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் இருந்து மகள். "அம்மா, மாமா மோசம் போயிட்டார்." என் தம்பி தவராசா செத்துப்போனான். அவனுக்கு ஈரலில் புற்றுநோய் என்று எனக்குத் தெரியும். ஏன் வந்தது என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்கவில்லை. குடித்தேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

இதை வாசிக்கிற, பருத்தித்துறைக் கரையில் அவனோடு கடல்தொழில் செய்த உங்களுக்கு அவனைத் தெரியும். நல்ல மீன்பாடு கண்ட நாளில் நீங்கள் வட்டமாக இருந்து குடிப்பீர்கள். அவன் பிளாஸ்க்கில் கொண்டுவந்த, பால் விடாத வெறுந்தேத்தண்ணியோடு ஓரமாக இருப்பான். சாமியார் என்று பகிடி பண்ணுவீர்கள். அளவு மிஞ்சினால், "காணும், குடிச்சது போதும், எழும்புங்கோ. மனிசிமார் சாப்பிடாமல் பாத்துக்கொண்டு இருக்கினம்" என்பான். என் புருசனையும் அப்படி எத்தனையோ தரம் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டவன்.

அவனைப் பற்றிச் செத்தவீட்டிலேயே கதை தொடங்கியது. ஈரல் என்றால் குடிதானே, ஒளித்துக் குடித்திருப்பான் என்றார்கள். நானும் நம்பினேன். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். விளமீன் குழம்பு, இறால் பொரியல், ஒடியற்கூழ் எல்லாம் வைத்தேன். ஆசையோடு போகக் கூடாதென்று ஒரு போத்தல் சாராயமும் வாங்குவித்து வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கூடப்பிறந்த தமக்கையே வைத்த பிறகு ஊருக்கு வேறு சாட்சி வேண்டுமா?

அன்று என் பேத்தி வந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; என் பேத்தி ஈரல் புற்றுநோயை ஆராய்கிற பிள்ளை. இதை நான் பெருமையடித்துச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. அவள் போத்தலைப் பார்த்தாள்.

"ஆர் அம்மம்மா உதை வைச்சது?"

"நான்தான்."

"தவராசாத் தாத்தா குடிக்கேல்லை. அவரின்ரை ரிப்போட் எல்லாம் நான் பாத்தனான். சின்ன வயசிலை தொத்தின வைரஸ் அது. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

குசினிக்குள் அடுப்படிக்குக் கூட்டிப்போய் விளங்கப்படுத்தினாள். நம் உடம்பை ஆக்கியிருக்கிற சின்னஞ்சிறு கலங்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கிற மரபணுக்கள் இருக்கின்றனவாம். அந்த வைரஸ் ஈரலில் கன வருசம் இருந்தால், அவற்றில் சிலவற்றின் மேல் சின்னச் சின்ன இரசாயன முத்திரைகள் ஒட்டிக்கொள்வதுண்டாம். மரபணு உடையாது, தொலையாது. இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

"காணும் எண்டு சொல்லுற ஆளின்ரை வாயை அடைச்ச மாதிரி, அம்மம்மா. பிறகு கட்டி தன்பாட்டிலை வளரும்."

போய்ப் போத்தலை எடுத்தேன். எடுத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வைத்ததைத்தான் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

அதனால்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவன் நினைவாக அடிக்கிற இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில், அச்சிலேயே சொல்கிறேன். என் தம்பி குடித்தவனல்ல. அவன் பெயரில் கறை பூசியது ஊர் மட்டுமல்ல, நானும்தான். போத்தலைப் பார்த்தவர்கள் இன்றைய படையலையும் பாருங்கள். அவனுடைய பிளாஸ்க் இருக்கிறது, வெறுந்தேத்தண்ணியோடு. நாளை முதல் அது என்னிடம் இருக்கும். அவனுடைய அந்தச் சொல்லையும் நானே வைத்துக்கொள்கிறேன். இனி யாராவது என் முன்னால் அந்தக் கதையை எடுத்தால், காணும் என்று சொல்ல.