சர்க்கரை ரிஜிஸ்டரும் நானும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை ரிஜிஸ்டர் எழுதுகிறவள் வீட்டுக்கு ராத்திரியில் திருடன் வந்தால், அவனும் சர்க்கரை நோயாளியாகத்தான் இருப்பான். நம்ப மாட்டீர்கள். போன ஆடி மாதம் ஒரு ராத்திரி, எல்லாரும் தூங்கிய பிறகு, எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் நிறுத்தி மறுபடி ‘டக்’. எலி இல்லை, பல்லி இல்லை. கணவர் சென்னையில் வேலை பார்க்கிறார். பக்கத்தில் மகள் தூங்குகிறாள். தலைமாட்டில் டார்ச்சைத் தேடினேன்.

அந்தச் சத்தத்துக்கு வருமுன் என்னைப் பற்றி. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகிற ஒரு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருகிறவர்களைப் பரிசோதித்து, மாத்திரை கொடுத்து, ரிஜிஸ்டரில் ஏற்றுவது என் வேலை. கான்வென்ட்டில் படித்த கை. மார்ஜின் போடாமல் எழுத வராது. பள்ளியில் ‘சிஸ்டர்’ என்று கேட்டாலே நடுங்கியவளை இப்போது ஊரே ‘சிஸ்டர்’ என்கிறது. புதிதாக வந்த டாக்டரம்மா என் அழகான ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, “எத்தனை பேர் வந்தாங்கன்னு நான் கேக்கலம்மா, வந்தவங்கள்ல எத்தனை பேருக்குச் சர்க்கரை அடங்கியிருக்கு?” என்று கேட்டார். ரிஜிஸ்டரைப் புரட்டினேன், அந்தக் கணக்கு மட்டும் அதில் இல்லை. நீங்களும் ரிஜிஸ்டர் எழுதிப் பிழைக்கிறவர் என்றால், அந்த ஒரு கேள்விக்குப் பிறகு தூக்கம் எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சர்க்கரை ஏறியது. பிரசவம் ஆனதும் இறங்கிவிட்டது, ஆனால் ஆறு வாரம் கழித்து ஒரு தடவை பார்த்துவிடு என்றார்கள். மகளுக்கு இப்போது பதினாலு மாதம். நான் பார்க்கவில்லை. என் அம்மா நாற்பத்தாறு வயதில், டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் காரிலேயே போனவள். அவளுக்கும் ஆரம்பம் சர்க்கரைதான்.

ராத்திரி ஒத்திகை

டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். சமையலறையில் விளக்குப் போடாமல் யாரோ குந்தியிருந்தார்கள். வெளிச்சம் அடித்தால், என் மாமனார்! ரிடையர்டு ஹெட்மாஸ்டர். வாயில் செல்போனைக் கவ்விக்கொண்டு, அந்த வெளிச்சத்தில், விரலில் ரத்தம் எடுக்கிற ஊசிப் பேனாவை அழுத்திக்கொண்டிருந்தார். அதுதான் ‘டக்’. “மாமா, என்ன பண்றீங்க?” என்றேன். “ஒத்திகைம்மா. காலையில உன் ஆஸ்பத்திரிக்கு வரணும்ல? நம்பர் எசகுபிசகா வந்தா உனக்குத்தானே தலைகுனிவு” என்றார். அவர் இரண்டு நாளாகக் கேழ்வரகுக் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை நூற்றெட்டு என்று வந்தது. மாமா கம்பீரமாக நின்றார். டாக்டரம்மா நம்பரையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ரத்தத்தில் ஒரு சின்னச் சிவப்பு அணு, கண்ணுக்குக்கூடத் தெரியாது. அது மூன்று மாதத்தையும் ஞாபகம் வைத்திருந்தது: கல்யாண வீட்டுப் பந்தியை, மாமி தூங்கியபின் டப்பாவிலிருந்து காணாமல் போன அதிரசத்தை. இரண்டு நாள் கஞ்சிக்கு அது மசியவே இல்லை. ஊரில் பாதிப் பேர் இப்படிப் பட்டினி கிடந்துதான் எங்களிடம் வருகிறார்கள், நாங்களும் அதை ‘அடங்கியிருக்கிறது’ என்று எழுதி வந்திருக்கிறோம். மாமா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முப்பத்தஞ்சு வருஷம் பரீட்சை நடத்துனவன்மா நான். இப்படிக் கொல்லைப்பக்கமா வந்து கேள்வி கேக்குற பேப்பரை நான் பார்த்ததே இல்லை.”

எல்லாருக்கும் நூற்றிருபதுக்கு எண்பது

வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து எழுதி வருகிறவள் செல்வி. அவள் எழுதிய தெருவில் எல்லாருக்கும் நூற்றிருபதுக்கு எண்பது. தொண்ணூறு வயதுத் தாத்தாவுக்கும் அதே, நேற்றுக் கல்யாணமான பெண்ணுக்கும் அதே. போகாமலே எழுதுகிறாள் என்று முடிவு கட்டி, ஒருநாள் சொல்லாமல் அவள் பின்னாலேயே போனேன். அவள் எல்லா வீட்டுக்கும் போனாள். பட்டையைச் சரியாகக் கட்டினாள். ஐந்து நிமிஷம் உட்காரவைத்துப் பார்த்தாள். அப்புறம் சத்தமாக “நூத்தியிருபதுக்கு எம்பது, நல்லாருக்கு” என்றாள். ஒரு வீட்டு ஜன்னல் வழியே நான் மெஷினை எட்டிப் பார்த்தேன். நூற்று எழுபது.

தெருமுனையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினாள். உண்மையான நம்பர் அத்தனையும் அதில் இருந்தது, பென்சிலில், வீட்டுவாரியாக. பிரஷர் கூடினவர்களை “நம்ம ஆஸ்பத்திரியில கண்ணு பாக்குறாங்களாம், வாங்க” என்று பொய் சொல்லி, ஒவ்வொருவராக டாக்டரம்மாவிடம் கூட்டி வந்து விட்டிருக்கிறாள். அவர்கள் எப்படித்தான் வந்து சேருகிறார்கள் என்று நாங்களும் அதிசயப்பட்டுக்கொண்டிருந்தோம்! அந்த நோட்டைத் தொட்டபோது எனக்குக் கை கூசியது. இப்போது தனியாக அழைத்து நம்பர் சொல்கிறாள், ரிஜிஸ்டரிலும் அதையே எழுதுகிறாள். அன்றைக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: “நம்பரைச் சத்தமாச் சொன்னா, இல்ல ரிஜிஸ்டர்ல எட்டிப் பாத்தா, ‘எம்மருமவ உப்பை அள்ளிப் போட்டே ஏத்திட்டா’ன்னு சண்டை சிஸ்டர். அந்தச் சண்டையில இன்னும் இருபது ஏறும். அப்ப நான் எந்த நம்பரை எழுதுறது?”

நீட்டாத கால்கள்

சர்க்கரைக்காரர்களின் பாதத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். எங்கள் ரிஜிஸ்டரில் எல்லாருக்கும் ‘பார்த்தாச்சு’ என்று டிக் இருந்தது. போட்டது நான்தான். உண்மையில் யாரும் காட்டியதில்லை. டாக்டரம்மா நாற்காலியில், நோயாளி ஸ்டூலில், நேருக்கு நேர். மரியாதைப்பட்டவர் எதிரே காலை நீட்ட நம் ஊரில் யாருக்கு மனசு வரும்? “கால் நல்லாருக்குங்க” என்று புடவைக்குள் இழுத்துக்கொள்வார்கள், நானும் டிக் போடுவேன்.

டாக்டரம்மா ஸ்டூலை எடுத்துவிட்டு, தனக்கு நேரே கால் நீளாதபடி ஒரு பெஞ்சைச் சுவரோரம் திருப்பிப் போடச் சொன்னார். நான் கீழே மணை போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதல் நாள் அஞ்சலை வந்தார், நடவுக்குப் போகிறவர். குழாயடியில் மூன்று தடவை கால் கழுவிவிட்டு வந்து, கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் நீட்டினார். கண்ணை மூடி, தொடுவது தெரிந்தால் “ம்” சொல்லச் சொல்லி, நைலான் நரம்பால் தொட்டேன். கையில் தொட்டால் “ம்” என்றார். பாதத்தில் எங்கே தொட்டும் “ம்” வரவில்லை. குதிகாலைத் திருப்பினால், சதைக்குள் ஏதோ கறுப்பாக. டாக்டரம்மா வந்து எடுத்தார். வயல் நத்தையின் ஓடு, சுண்டுவிரல் நகம் அளவு. அதை வைத்துக்கொண்டே அவர் ஒரு நடவு சீசன் முழுக்கச் சேற்றில் நின்றிருக்கிறார். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, மற்றக் காலையும் இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். அஞ்சலை அந்த ஓட்டை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “வலிக்கலன்னா நல்ல காலுன்னுல்ல சிஸ்டர் நெனச்சேன்.”

படகு தெரிந்தால் ஊசி

ஒரு மாவட்டத்து ஆட்கள் இன்னொரு மாவட்டத்து நிலையத்தைப் போய்ப் பார்த்து மார்க் போடுவது எங்கள் துறையில் வழக்கம். அப்படி என்னைத் தரங்கம்பாடிப் பக்கம் அனுப்பினார்கள். கையில் கேள்வித்தாள். இன்சுலின் போடுகிற கலாவதி வீட்டுக்குப் போனேன். மீன் விற்கிறவர், வீட்டுக்காரர் படகில் போகிறவர். அந்த நிலையத்து ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு எதிரே ‘சொல்பேச்சு கேட்பதில்லை’ என்று எழுதியிருந்தது. காலை எட்டு மணிக்கு ஊசி போடச் சொன்னால் ஒருநாள் ஆறு மணிக்குப் போடுகிறாராம், ஒருநாள் பத்து மணிக்கு.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பானையில் ஈர மணல், அதற்குள் ஒரு சின்னக் கலயம், அதற்குள் மருந்து. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. ஊசி எப்போது போடுவீர்கள் என்றேன். கடலைக் காட்டினார். படகின் தலை தெரிந்ததும் ஊசி. படகு கரை தட்டி, மீன் இறக்கி, கை கழுவித் தட்டு முன் உட்கார அரை மணி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடு என்று நாம் சொல்கிறோமே, அதை இம்மி பிசகாமல்! படகு வராத நேரத்தில் எட்டு மணிக்குப் போட்டிருந்தால் அவர் வெறும் வயிற்றோடு மணலில் மயங்கி விழுந்திருப்பார். அவருடைய மூன்று மாதச் சர்க்கரையைப் பார்த்தால் எங்கள் ஊரில் எவருக்கும் அவ்வளவு நன்றாக இல்லை. கேள்வித்தாளில் ‘ஆம், இல்லை’ இரண்டு கட்டம்தான் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு முழித்த என்னைப் பார்த்து கலாவதி சிரித்தார்: “நீங்க கடலுக்கு ஒரு டைம் எழுதிக் குடுத்துட்டு வாங்க நர்ஸம்மா, நான் ஊசிக்கு டைம் சொல்றேன்.”

பதினோராவது பேர்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயப்பட வேண்டாம்: என் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. நோய் இல்லை, ஆனால் அசந்தால் வரும்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பிறகு பார்க்க வராத தாய்மார்களின் பட்டியலை டாக்டரம்மா போன வாரம் கேட்டார். ரிஜிஸ்டரைப் புரட்டி எண்ணினேன், பதினொன்று. தலைப்பில் ‘மொத்தம் 11’ என்று எழுதி, கோடு போட்டு, பெயர்களை எழுதினேன். பத்தோடு நிறுத்திவிட்டேன். செல்வியின் நூற்றிருபதுக்கு எண்பதைப் பின்னாலேயே போய்ப் பிடித்தவள் செய்த வேலை இது. லேப் டெக்னீஷியன் ஜெயந்தி அக்கா கையில் பட்டியல் போனது. “ஏண்டி, மேலே பதினொண்ணு, கீழே பத்து. இன்னொருத்தியக் காவிரி அடிச்சிட்டுப் போயிடுச்சா?” என்றாள். நான் ரிஜிஸ்டரை மூடினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவளே பேனாவை எடுத்துப் பதினோராவது பெயரை எழுதினாள். “நாளைக்கு வெறும் வயித்தோட வா.”

ஊசிக்குப் பயமில்லை. ஒரு நம்பர் வந்துவிட்டால், அம்மா போன வழியில் நானும் முதல் அடி வைத்ததாக ஆகிவிடுமே என்ற பயம். முதல் ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, லேப் அறையிலேயே இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். முதல் நாள் பாதியில் குழந்தை அழுகிறது என்று ஓடினேன். இரண்டாம் நாள் யாருக்கோ கட்டுப் போட வேண்டும் என்று நானாகவே எழுந்தேன். யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள். அரை மணி ஆயிற்று. வெளியே யாரோ “சிஸ்டர், மாத்திரை” என்றார்கள். கால் தானாகக் கதவுப் பக்கம் போனது. அக்கா தடுக்கவில்லை, மைக்ராஸ்கோப்பிலிருந்து தலைகூடத் தூக்கவில்லை. காலையில் வாசலில் என் இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்று மகள் அடம் பிடித்தது ஞாபகம் வந்தது. இன்னும் எத்தனை வருஷம் அவளை இடுப்பில் தூக்க வேண்டும் எனக்கு! திறக்கப் போன கை மேலே போனது. துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் போட்டேன். அப்போதுதான் அக்கா நிமிர்ந்தாள்: “நான் தொங்கிப் பாத்தும் விழாத தாழ்ப்பாளுடி அது. வந்து உட்காரு.”

ஊராரை அளக்க ஒரு துளி ரத்தம் போதும் என்று சொல்லித் திரிந்தவளை அளக்க, உள்ளேயிருந்து கதவைத் தாழிட வேண்டியிருந்தது.