யானைக்குக் கட்டிய பெல்ட்

புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் போனை எடுத்ததும் சாப்பிட்டீங்களா என்று கேட்பார்கள். நான், இன்னிக்கு எந்தத் தோட்டா குடுத்தீங்க என்று கேட்பேன். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாராவது அதைக் காதில் வாங்கியிருந்தால் போலீசுக்குப் போயிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் டீசல் மெக்கானிக். கூட்டேரிப்பட்டில் ஹைவே ஓரத்து ஷெட்டில் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்த மனுஷன், தான்சானியாவில் ஜீப் ரிப்பேருக்கு ஆள் வேண்டும் என்றதும் கிளம்பிவிட்டார். போன பிறகுதான் அது வேட்டைக்காரர்கள் வந்து தங்கும் முகாம் என்று தெரிந்தது. அங்கே அரசாங்க அனுமதி வாங்கிக்கொண்டு யானை, காட்டெருமை, சிங்கம் எல்லாம் சுடலாமாம். குடிக்காத ஆள் என்று முதலாளி துப்பாக்கி அறைச் சாவியையும் இவர் கையிலேயே கொடுத்துவிட்டார். வேட்டைக்குப் போகிறவர்களின் இடுப்பு பெல்ட்டில் தோட்டாக்களைச் செருகிக் கொடுப்பதும் இவர் பொறுப்பு. இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

நான் பயந்தாங்கொள்ளி. இடிக்குப் பயம், ஷேர் ஆட்டோ வேகத்துக்குப் பயம். விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் கூட நிற்கிறவள், பிபி மாத்திரை பக்கத்திலேயேதான் இருக்குது, ஒண்ணு போட்டுக்கோ என்பாள். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது. வாய்தான் நீளும். கேள்வி மேல் கேள்வி கேட்டு ஆளைத் துளைத்துவிடுவேன். தோட்டா விவரமும் அப்படித் துளைத்துத் தெரிந்துகொண்டதுதான்.

அதில் சாஃப்ட், சாலிட் என்று இரண்டு வகை. சாஃப்டுக்கு மூக்கில் ஈயம் தெரியும். உடம்புக்குள் போனதும் அது நசுங்கி அகலமாக விரியும், பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். சிங்கத்துக்கு அதுதான். சாலிட் முழுக்கக் கெட்டி. விரியாது, வளையாது, எலும்பை உடைத்துக்கொண்டு நேராகப் போகும். யானையின் மண்டைக்கு அதைத் தவிர வேறு எதுவும் ஆகாது. காட்டெருமைக்கு மட்டும் முதல் அடி சாஃப்ட், அதற்கப்புறம் சாலிட். ஏன் இந்த வம்பு, எல்லாமே சாலிடாகக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். காட்டெருமை கூட்டமாக நிற்கும், சாலிட் ஒன்றைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பதன் மேலும் பாயும் என்றார். அப்படி அடிபட்டது செத்தும் போகாது, ஓடியும் போகாது. ஆள் உயரப் புல்லுக்குள் வந்து படுத்துக்கொண்டு ஆள் வருகிற வரைக்கும் காத்திருக்குமாம்.

எருமை என்றால் ஏரித் தண்ணீரில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கிற ஜீவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றிலிருந்து விக்கிரவாண்டிப் பக்கம் பஸ் போகும்போது எருமையைக் கண்டால்கூடப் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் நான் கடையிலிருந்து வந்து உலை வைத்திருந்தேன். அவர்தான் கூப்பிட்டார், நல்ல சந்தோஷத்தில் இருந்தார். வந்திருந்த விருந்தாளி பெரிய காட்டெருமை ஒன்றை ஒரே அடியில் சாய்த்துவிட்டாராம். திரும்பி வரும்போது ஜீப்பின் ஆக்சில் போய், வண்டியை அந்தப் புல்லுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தார்களாம். காலையில் முதல் வேலையாக ஸ்பேர் எடுத்துக்கொண்டு போய் அதைச் சரி செய்ய வேண்டும் என்றார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"இன்னிக்கு இன்னா குடுத்தீங்க?"

"காலைல ஒரே ஜல்தி. நேத்து யானைக்குக் கட்டி வெச்ச பெல்ட்டு அப்படியே மாட்டிக்கினு இருந்துது. அதையே எடுத்துக் குடுத்துட்டேன்."

"அப்ப அத்தனையும் சாலிடா?"

"ஆமா. அதான் ஒரே அடில வுழுந்துச்சே."

"ஒத்தையா நின்னுதா, கூட்டமா நின்னுதா?"

"கூட்டந்தான்."

"ஏங்க, அதுக்குப் பின்னால எது நின்னுக்கினு இருந்துச்சி?"

வைக்கிறேன் என்று சட்டென்று வைத்துவிட்டார். அந்த முகாமில் ஆபீசுக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல். அதற்கப்புறம் எத்தனை முறை அடித்தும் கிடைக்கவில்லை. உலை கொதித்து அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. செபமாலையை எடுத்து உட்கார்ந்தேன், வாய் மாதாவைக் கூப்பிட்டது, கண்ணுக்குள் புல்தான் தெரிந்தது.

மறுநாள் காலை வேலைக்கு விழுப்புரம் பஸ் ஏறினேன். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது அங்கே விடிகிற நேரம். அவர் முன்பு வேலை பார்த்த ஷெட் ஜன்னலில் தெரிந்தது. யாரோ ஒருவர் கால் மட்டும் வெளியே தெரிய லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அவரும் அப்படித்தான் படுத்திருப்பார். ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவர் எழுந்து ஓடவா முடியும்? கண்டக்டர் சில்லறை கேட்டபோது நான் வீட்டுச் சாவியை நீட்டினேனாம்.

கடையில் அன்றைக்கு நான் இரண்டு பேருக்கு மாத்திரையை மாற்றி எடுத்தேன். நல்லவேளை, கூட நின்றவள் பார்த்துப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போ என்றாள். வீட்டில் தனியாக இருக்க இன்னும் பயமாக இருக்கும் என்று அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு செய்தி வந்தது. நல்லா இருக்கேன், வேலை இருக்குது, அப்புறம் பேசறேன். அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் பேசினார்தான், ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை. கேட்டால் ஜீப் சரியாகிவிட்டது என்பார். தோட்டாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார். ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. துளைத்தெடுக்கிற நான் முதல் தடவையாகக் கேட்கப் பயந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் நான் மல்லாட்டை உரித்து முறத்தில் கடலையைப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரும் உரித்தார். தலையைத் தூக்காமல் தானாகவே சொன்னார்.

அன்றைக்குப் போனை வைத்ததும் நேராக வேட்டை வழிகாட்டியிடம் போய் பெல்ட் மாறிப்போனதைச் சொல்லியிருக்கிறார். அவர் திட்டவில்லை. அடிபட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பது அங்கே சட்டம். விடிந்ததும் வழிகாட்டி, இவர், தடம் பார்க்கிறவர் மூவரும் போனார்கள். வழிகாட்டி இவரை வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தடம் பார்க்கிறவர்தான் முதலில் நடப்பார். தரையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியவர் என்பதால் அவர் கையில் துப்பாக்கி இருக்காது, அதுதான் அங்கே வழக்கம். ரிப்பேரான ஜீப்புக்குப் பக்கத்துப் புல்லில்தான் அது படுத்திருந்தது. எழுந்து வந்தபோது வழிகாட்டி சுட்டார். குண்டு பட்டும் நிற்காமல் வந்து தடம் பார்க்கிறவர் மேல் விழுந்துவிட்டது.

"ஆளு?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போற வழியிலயே போய்ட்டான். என் மடியிலதான் தலைய வெச்சிருந்தான். பொண்டாட்டி இருக்கா, கைக்கொழந்த இருக்குது."

நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை.

"நீ கேக்காம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்."

"நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

"ம்," என்றார்.

அந்தப் பெண்ணுக்காக நான் அப்போதே அழுதிருக்க வேண்டும். ஆனால் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நல்லவேளை, முன்னால் நடந்தது இவர் இல்லை என்றுதான் மனசு சொல்லிற்று. இன்னொருத்தி புருஷன் செத்ததைக் கேட்டுக்கொண்டே அப்படி நினைத்தேன். என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன நினைத்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.