இது எங்க சண்டை, மிஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது நாள். தாம்பரத்தை ஒட்டியுள்ள ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அந்த வருடம் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியையும் நான்தான். காலை பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போனால், வாசலில் ஓர் அம்மாவும் மகளும் காத்திருந்தார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது. தலைமுடி அப்போதுதான் விரற்கடை நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, இரண்டு வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாகவே போய்விட்டது. அந்த மார்ச்சில்தான் சிகிச்சை முடிந்திருந்தது. அவளோடு படித்தவர்கள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இவள் தன்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு ஏழாம் வகுப்பில் உட்கார வந்திருந்தாள்.

அவள் அம்மா டாக்டரின் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். காய்ச்சல் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும், அம்மை, சளி உள்ள பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று சொன்னார். கடிதத்தில் அந்த இரண்டு வரிகளையும் சிவப்பு மையால் கோடிட்டு, என் அலமாரியில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன். இந்தப் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்படியேதான் பார்த்துக்கொண்டேன். கரும்பலகை துடைப்பது, நோட்டுகளை ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கி வருவது என்று பிள்ளைகளுக்கு முறை வைத்து வேலை கொடுப்பது வழக்கம். அந்தப் பட்டியலில் அவள் பெயரை எழுதவே இல்லை. விளையாட்டு பீரியடில் மற்றவர்கள் மைதானத்தில் ஓட, அவள் வேப்பமரத்தடியில் எல்லோருடைய தண்ணீர் பாட்டில்களுக்கும் காவலாக உட்கார்ந்திருப்பாள். வீட்டுப்பாடம் முடித்தாயா என்று மற்ற பிள்ளைகளைக் கேட்பேன், அவளைக் கேட்க மாட்டேன். மருந்துகளால் அவள் விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்திருந்தது. காம்பஸைப் பிடித்தால் வழுக்கும். அதனால் வட்டம் வரைய வேண்டிய கணக்கு வந்தால், நானே அவள் நோட்டை வாங்கி அழகாக வரைந்து கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளுக்காகத் தவறாமல் ஜெபம் பண்ணினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றவில்லை.

சக ஆசிரியைகள் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் என்னைப் பற்றி நல்ல எண்ணம்தான்.

ஆகஸ்டில் ஒருநாள் நோட்டு திருத்தும்போது, அவள் நோட்டில் நான் வரைந்து கொடுத்த வட்டங்களைக் காணவில்லை. தாளே மெலிந்துபோகும் அளவுக்கு ரப்பரால் அழித்து, அதே இடத்தில் வேறு வட்டங்கள் வரைந்திருந்தாள். ஒவ்வொன்றும் கோணல்மாணலாக, தொடங்கிய இடத்தில் வந்து சேராமல் இருந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. “வீணாகச் சிரமப்படாதே” என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நவம்பரில் நல்ல மழை. ஒருநாள் காலை முதல் பீரியட் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து, ஐந்து பெண்கள் நனைந்த கோழிகள் மாதிரி வாசலில் வந்து நின்றார்கள். அவளும் அவர்களில் ஒருத்தி. எல்லோரும் பெருங்களத்தூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள். பின்னாலேயே வந்த ஆயாம்மா, “புள்ளைங்க பாவம் டீச்சர், நனைஞ்சுகினே வந்துகீதுங்க. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு” என்று சிபாரிசு செய்தார்.

நான் விடவில்லை. தாமதமாக வந்தால் முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நின்று பாடம் கவனிக்க வேண்டும், டைரியில் குறிப்பு எழுதி அம்மா அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இது என் வகுப்பின் சட்டம். மற்ற நான்கு பேரையும் நிற்கச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து, “நீ மட்டும் உள்ள வந்து உட்காரும்மா” என்றேன்.

அவள் அசையவில்லை.

“நானும் லேட்தான் மிஸ்.”

“பரவாயில்ல, நீ வா. உனக்கு உடம்பு தாங்காது.”

“இவங்க என்னாலதான் மிஸ் லேட்டு. முன்னாடி வந்த ட்ரெயின்ல இவங்க ஓடிப்போய் ஏறியிருக்கலாம். என்னால படியில வேகமா இறங்க முடியல. எனக்காக நின்னுட்டாங்க.”

அவளுக்காகக் காத்திருந்தவர்கள் வெளியே நிற்க, அவளை மட்டும் உள்ளே கூப்பிடுகிறேன். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எல்லோரும் உள்ளே வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் கௌரவம் விடவில்லை. பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடர்ந்தேன். என்ன நடத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ஓரக்கண்ணால் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். நடுவில் ஒருமுறை சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனால், பீரியட் முடியும்வரை உட்காரவில்லை. மணி அடித்ததும் முதலில் வந்து டைரியை நீட்டியவள் அவள்தான். மற்ற நால்வருக்கு எழுதியதையே அவளுக்கும் எழுதினேன்.

மதியம் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். என் மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஆஸ்பத்திரில எல்லாமே நர்ஸ் அக்கா பண்ணுவாங்க. வீட்ல அம்மா பண்ணுவாங்க. இங்க நீங்க பண்றீங்க. அப்ப நான் எதைத்தான் மிஸ் பண்றது?”

அவளே தொடர்ந்தாள்.

“போன மாசம் புராஜெக்ட் லேட்டா வெச்சதுக்கு எல்லாரையும் திட்டினீங்கல்ல? நானும் லேட்டாதான் வெச்சேன். என்னை மட்டும் ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு லஞ்சுல யாரும் என்கூட உட்காரல மிஸ்.”

என் அன்பு அவளைத் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. ஐந்து மாதமாக, என் கண்ணெதிரிலேயே. இருபது வருடம் பிள்ளைகளோடு புழங்கியவள் என்ற பெருமையெல்லாம் அன்று எனக்கு இறங்கிவிட்டது.

“சரி, உனக்கு என்ன பண்ணணும்னு ஆசை?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள்.

“ரிலேல ஓடணும் மிஸ்.”

ஜனவரியில் விளையாட்டு விழா. வகுப்புக்கு நான்கு பேர் கொண்ட ரிலே ஓட்டம் உண்டு. எங்கள் வகுப்பில் பெண்கள் பலருக்கு மாலையில் டியூஷன் இருந்ததால் மூன்று பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். விளையாட்டு ஆசிரியரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர், “நாலாவது ஆள் இல்லன்னா உங்க கிளாஸ் டீமே கெடையாது டீச்சர். அந்தப் பொண்ணு ஓடுறேன்னு சொன்னா எனக்கு ஓகே. டாக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்றார்.

அவள் அம்மாவை வரவழைத்தேன். மகள் நோய்வாய்ப்பட்டபோது வேலையை விட்டவர் அவர். ரிலே என்றதும் முகம் வெளுத்துவிட்டது. “ரெண்டு வருஷமா அவ தும்மினாக்கூட தெர்மாமீட்டரைத் தூக்கிட்டு ஓடுறேன் மிஸ். டிரீட்மென்ட் முடிஞ்சிருச்சு. எனக்குத்தான் நிறுத்தத் தெரியல” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயக்கத்தோடு இன்னொன்றும் சொன்னார். “டாக்டர் அப்பவே லெட்டர்ல எழுதியிருந்தாரு மிஸ். நான்தான் உங்ககிட்ட அதைச் சொல்லாம விட்டுட்டேன்.”

அலமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். நான் கோடிட்ட வரிகளுக்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. மற்ற பிள்ளைகள் செய்யும் எல்லாவற்றையும் இவளும் செய்யலாம், விளையாடலாம், களைப்பு வந்தால் அவளே நிறுத்திக்கொள்வாள் என்று எழுதியிருந்தது. அதை மறைத்தது அந்த அம்மா மட்டுமல்ல. ஜூன் மாதத்திலிருந்து அது என் அலமாரியில்தான் இருந்தது. பயமுறுத்தும் வரிகளை மட்டும் படித்துவிட்டு மூடிவைத்தவள் நான். அடுத்த செக்கப்பின்போது அவளே டாக்டரிடம் நேராகக் கேட்டு, ஓடலாம் என்று அனுமதி வாங்கி வந்தாள்.

தினமும் மாலை அரை மணி நேரம் பயிற்சி. மருந்தால் அவள் பாதங்களும் மரத்திருந்தன. காலைத் தூக்கி வைக்கும்போது முன்பாதம் தரையில் ‘சப்’பென்று அறையும். இரண்டாம் நாளே விழுந்து முட்டியில் சிராய்ப்பு. நான் முதலுதவிப் பெட்டியோடு ஓடுவதற்குள், தானே குழாயில் கழுவிவிட்டு மருந்து போட்டுக்கொண்டாள். ஒருநாள் நடு ஓட்டத்தில் நின்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பதறி அவள் அம்மாவுக்குப் போன் செய்ய எடுத்தேன். “வேணாம் மிஸ், இது வெறும் டயர்டு. உடம்பு சரியில்லைன்னா அது வேற மாதிரி இருக்கும். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்” என்றாள். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடினாள். பயிற்சி முடிந்து மற்றவர்கள் கேட் வாசலில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா வாங்கித் தின்பார்கள். அவளுக்கும் நீட்டுவார்கள். “வெளிய வெட்டினது நான் இன்னும் சாப்பிடக் கூடாது” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து வாழைப்பழத்தை உரிப்பாள். எதற்குச் சரி சொல்ல வேண்டும், எதற்கு வேண்டாம் சொல்ல வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

விளையாட்டு விழா பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் நடந்தது. அவள் மூன்றாவதாக ஓட வேண்டும். முதல் இருவரும் பிரமாதமாக ஓடி, நான்கு வகுப்புகளில் எங்களை இரண்டாவது இடத்தில் வைத்திருந்தார்கள். அவள் குச்சியை வாங்கினாள். அவள் கால் தரையில் அறையும் சத்தம் எனக்குக் கேட்பது போலவே இருந்தது. ஒருத்தி அவளைத் தாண்டினாள். உடனே இன்னொருத்தியும். பார்வையாளர் பக்கம் அவள் அம்மா எழுந்து நிற்பதைப் பார்த்தேன். கடைசி ஆளிடம் கொடுக்கும்போது குச்சி அவள் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் கடைசி.

மைதானத்தில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். தலைமையாசிரியை எழுந்து நின்று தட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏனென்றால், கடைசியாக ஓடிய பெண் மூச்சு வாங்க அவள் முன்னால் வந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

“நாம செகண்ட்ல இருந்தோம்டி. உன்னாலதான் எல்லாம் போச்சு.”

“நீ கையை எங்க நீட்டின? பிராக்டீஸ்லயே சொன்னேன்ல, இன்னும் கீழ நீட்டுன்னு?”

“கீழதான் நீட்டினேன். ஒழுங்கா புடிக்கத் தெரியாம போட்டுட்டுப் பேசாத.”

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கிருந்து மீண்டு வந்த பிள்ளையிடம் என்ன பேச்சு பேசுகிறாள் என்று அந்தப் பெண்ணைத் திட்ட வாயைத் திறந்தபடி நெருங்கினேன். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தித் தடுத்தாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் நீர்.

“மிஸ், ப்ளீஸ். இது எங்க சண்டை.”

நான் நின்றுவிட்டேன். பிறகு மெதுவாகப் பின்வாங்கி, என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் வேலையில் அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் நான் செய்ததில்லை.

அன்று சாயங்காலம் அவள் அம்மா போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருக்கவே எனக்குப் பயமாகிவிட்டது. “அவ ஸ்கூல்லேர்ந்து வந்ததுலேர்ந்து அழுதுட்டே இருக்கா மிஸ். அந்தப் பொண்ணுகூட இனிமே பேசவே மாட்டாளாம். பேரைக்கூடச் சொல்லக் கூடாதாம்” என்றவர் தொடர்ந்தார். “ரெண்டு வருஷமா ஊசிக்குத்தான் மிஸ் அழுதிருக்கா. இன்னிக்கு ஃபிரெண்டுகூடச் சண்டை போட்டுட்டு வந்து அழுறா.” அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் அந்த நிலையில்தான் இருந்தேன்.

இரண்டு நாள் அவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அவள் கட்சியில் ஒன்பது பேர், அந்தப் பெண் கட்சியில் பதினோரு பேர் என்று எனக்குத் தகவல் வந்தது. நான் தலையிடவில்லை. மூன்றாம் நாள் காலை எப்படிச் சமாதானம் ஆனார்களோ, யார் முதலில் பேசினார்களோ, லேசான தூறலில் இருவரும் ஒரே குடைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். அன்றைக்கு வீட்டுப்பாடம் செய்யாதவர்களை எழுந்து நிற்கச் சொன்னேன். இருவரும் எழுந்தார்கள். இருவரையும் ஒரே அளவு திட்டினேன்.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு. செக்கப்புக்குப் போய் வருகிறாள், உடம்பு நன்றாக இருக்கிறது. எல்லாமே அவளுக்குச் சுலபமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னமும் சீக்கிரம் களைத்துவிடுகிறாள், வேகமாக எழுதக் கஷ்டப்படுகிறாள், பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டும் என்று அவளே வந்து விண்ணப்பம் கொடுக்கிறாள். வேண்டியதைக் கேட்பதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. வேண்டாததைத் திருப்பிக் கொடுப்பதிலும் இல்லை. அத்தனை வலியைத் தாண்டி வந்தபிறகு அவள் உலகத்திடம் கேட்டது சலுகையை அல்ல, மற்றவர்களோடு சேர்ந்து தோற்கவும் திட்டு வாங்கவும் ஓர் இடத்தை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. நோயிலிருந்து மீண்டு எந்தப் பிள்ளை என் வகுப்புக்கு வந்தாலும் இப்போது நான் முதலில் அவர்களிடமே கேட்கிறேன். பரிவு என்று நினைத்து ஒருவருக்காக நாம் செய்து முடிக்கும் வேலை, சில சமயம் அவர்கள் கையிலிருந்து பிடுங்கிய வேலையாகவும் இருக்கும் என்பதை, நாற்பத்தெட்டு வயதில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.