குளத்துக்கு வந்த செக்கிங்

"முன்னாடி நகரு, முன்னாடி நகரு. அங்க அவ்ளோ எடம் காலியா கெடக்கு, எல்லாரும் படியிலேயே நின்னா எப்படி?"

காலையில் பல் துலக்கிக்கொண்டே பெரியப்பா அதட்டுவது பயணிகளை அல்ல, மீன்களை. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட செய்தியை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. படியோரமாக நெருக்கியடித்து நிற்கும் மீன்கள் அவரை நிமிர்ந்து பார்க்கின்றன. நகர்வதில்லை. பஸ்ஸிலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

குளம் என்றவுடன் தாமரை, படகு என்றெல்லாம் நினைத்துக்கொண்டு யாரும் கிளம்பி வந்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால், துணி காயும் கொடிக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே வெட்டிய பள்ளம். சரியாக ஒரு கார் நிற்கிற அளவு. இந்த உவமை என்னுடையது அல்ல, அவர் மகனுடையது. அண்ணன் கார் வாங்கிவிட்டான். அது தெருவில் வெயிலில் வேகிறது, மீன்கள் நிழலில் இருக்கின்றன. இந்த அநியாயத்தை அண்ணன் சாப்பிடும்போதெல்லாம் எடுத்துச் சொல்வான்.

பிஸ்கட்டோ செய்தித்தாளோ மாத்திரையோ, எதை எடுப்பதானாலும் பெரியப்பா முதலில் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். பக்கத்து வீடான எங்கள் வீட்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி நான் "செக்கிங்!" என்று கத்தினால், அவர் கை தானாக இடுப்புக்குப் போய் இல்லாத பையைத் தடவும். "வந்தேன்னா காதைத் திருகிக் கையில குடுத்துருவேன்" என்பார். என் காதுகள் இரண்டும் இன்றுவரை அதனதன் இடத்தில் இருக்கின்றன.

அவருடைய பெருமை ஒன்றே ஒன்றுதான். "என் சர்வீஸ்ல ஒருத்தரைக்கூட எடமில்லைன்னு நான் எறக்கி விட்டதில்ல." வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து போனதையும், படியில் தொங்கியவர்களின் செருப்புகள் வழியெங்கும் உதிர்ந்ததையும் அவர் சொல்லமாட்டார். பெரியம்மா சொல்வார்.

குளத்தையும் அதே கொள்கையில்தான் நடத்தினார். ஜிலேபிக் கெண்டையை ஒரு பக்கெட் நிறைய வாங்கி விட்டார். அது குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றி, பிழைக்கத் தெரிந்ததும் துப்பிவிட்டு, அடுத்த ஈட்டுக்குக் கிளம்பிவிடுகிற ஜாதி. கொஞ்ச நாளில் குளத்தில் தண்ணீரை விட மீன் அதிகமாக இருந்தது. எல்லாம் விரல் நீளம், எல்லாவற்றுக்கும் பெரிய தலை. வயதாகிக்கொண்டே போயிற்று, வளரவில்லை. பொண்ணு கொடுத்த சம்பந்தி பார்த்துவிட்டு, "நெத்திலியா வளக்கறீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு இந்த வீட்டில் சர்க்கரை கம்மியான டீதான்.

மீன்குஞ்சு விற்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ரெண்டு விரால் விடுங்கய்யா. சின்னதை அது தின்னும், மிச்சம் இருக்கறது நல்லா வளரும். இதுல வேற சூட்சுமம் ஒண்ணும் கிடையாது" என்றார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து நாலு பேரைப் பிடித்துத் தள்ளச் சொன்னதுபோல் ஆகிவிட்டது பெரியப்பாவின் முகம்.

இருந்தாலும் வாங்கினார். கறுத்த முதுகும் பாம்புத் தலையுமாக, யாரையும் மதிக்காத நிதானத்தோடு இரண்டும் குளத்துக்குள் இறங்கின. "ஜோடியாத்தான் வருவானுங்க. மூஞ்சியப் பாரு. செக்கிங்கேதான்." அதுவே அவற்றின் பெயராயிற்று.

செக்கிங் ஏறினால் கண்டக்டர் என்ன செய்வார்? டிக்கெட் இல்லாதவனுக்குக் கண்ணைக் காட்டுவார். பெரியப்பாவும் அதையே செய்தார். உடைந்த பானை, பழைய டயர், பிளம்பரிடம் கெஞ்சி வாங்கிய துண்டுக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் குளத்தில் இறக்கினார். கேட்டால், "அழகுக்கு" என்றார். அந்த அழகுக்குள் குஞ்சுகள் சொந்த வீடு கட்டிக் குடியேறின. புத்தகத்தில் இதற்கு உணவுச் சங்கிலி என்று பெயர் வைத்து, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். பெரியப்பாவின் குளத்தில் அந்த அம்பு பானையில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

செக்கிங் இரண்டும் இளைத்தன. அதைப் பார்த்தும் அவருக்குத் தாங்கவில்லை. "பாவம், அதுங்களும் டியூட்டிக்கு வந்ததுங்கதானே" என்று கோழிக்கடையிலிருந்து குடல் வாங்கி வந்து போட்டார். சின்னதைத் தின்னவிடமாட்டார், பெரியதைப் பட்டினியும் போடமாட்டார். இப்படி இரு தரப்பிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கெட்டுப்போனது. விடிகாலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. ஒரு நாள் பாதி மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் நாறியது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போன அண்ணனுக்கு அன்று பஸ்ஸில் தாராளமாக இடம் கிடைத்ததாம்.

"ஞாயித்துக்கிழமை மண் லாரி வருது. மூடிடலாம்" என்றான் சாயங்காலம்.

"மிச்சம் பாதி உசுரோட இருக்குடா."

"அப்ப குழாயெல்லாம் எடுங்க. குஞ்சு விக்கறவர் சின்னதைத் தின்னும்னுதானே சொன்னாரு, ஒளிய எடம் இருந்தா எப்படித் தின்னும்? ஒண்ணு அதை எடுங்க, இல்ல குளத்தை மூடுங்க."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா கீரையை ஆய்ந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "ஏத்திக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு எறக்கிவிடத் தெரியல. முப்பது வருஷம் பாதி வேலைதான் பாத்திருக்காரு."

பெரியப்பா விரலை நாக்கில் தொட்டார், எடுப்பதற்கு எதுவும் இல்லாமல் கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். தண்ணீர் தொடைவரை வந்தது. அண்ணன் சுவரோரம் போனும் கையுமாக நின்றான். லாரிக்காரர் இவன் போனில் ஒரு வார்த்தை சொல்வதற்காகக் காத்திருந்தார். பெரியப்பா ஒவ்வொரு குழாயையும் தண்ணீருக்குள்ளேயே சாய்த்துப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே இருந்த குஞ்சுகள் வெளியே போகும்வரை பொறுத்திருந்து, பிறகே கரையில் வைத்தார்.

"எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க. வண்டி போவாது."

அதட்டல் இல்லை. கூட்டத்தை மீறித் தெருமுனைவரை கேட்கிற அந்தக் குரல், பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. டயர் வந்தது. பானைகள் வந்தன. குளத்தில் மறைவு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. குஞ்சுகள் திறந்த தண்ணீரில் ஒரே மேகமாகச் சேர்ந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவர் காலைச் சுற்றி நின்றன. எதிர்மூலையில் இரண்டு கறுப்பு முதுகுகள் அசைந்தன.

தண்ணீர் ஒருமுறை தெறித்தது. மேகம் சிதறியது. மறுபடியும் தெறித்தது.

பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுவரில் காரை பெயர்ந்திருந்த இடத்தை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்தான். "அண்ணே, மண் வேண்டாம்ணே. ஆமா, வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

"அதான் வேண்டாம்னுட்டானே, மேல ஏறுங்க" என்றார் பெரியம்மா. "எவ்ளோ நேரம் தண்ணியில நிப்பீங்க?"

அவர் ஏறவில்லை. கடைசியாக எடுத்த பானை இன்னும் அவர் இடுப்பில் இருந்தது. அதற்குள் முழங்கை வரை கையை விட்டு, உள்பக்கம் முழுவதும் மெதுவாகத் தடவினார். கையை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தார். ஒரு குஞ்சுகூட இல்லை. பின்னால் தண்ணீர் மறுபடி தெறித்தது. அவர் திரும்பக் கையை விட்டுத் தடவ ஆரம்பித்தார்.