லீவு எடுக்காதவர்களுக்குப் பரிசு

நிரஞ்சனி முகாமையாளராக நியமிக்கப்பட்ட முதல் வாரம், எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் அவரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. அதற்கு முன் அவர் இரண்டாம் மாடி வாட்டின் பொறுப்புத் தாதி. எல்லோருக்கும் ‘நிரஞ்சனி மிஸ்’. இப்போது வெள்ளை உடுப்பு இல்லாமல் பருத்திச் சேலையில் வந்து, கதவு போட்ட அறைக்குள் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி கொண்டுபோன பெண் கதவைத் தட்டுவதா, தட்டாமலே நுழைவதா என்று புரியாமல் வெளியில் நின்று, கடைசியில் என்னிடம் வந்து கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

நான் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன். மாத்தளை நகரத்துக்குள் இருக்கும் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. கிராம்பு, மிளகு வியாபாரத்தில் உழைத்த பலீல் ஹாஜியார் கட்டியது. நிரஞ்சனியின் ஊர் எல்கடுவ. அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்து, கண்டியில் தாதிப் பயிற்சி முடித்து, நேரே எங்களிடம் வந்து சேர்ந்தார். உக்குவளைப் பக்கமிருந்து வந்த பஸ்லாவும் அதே மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து இருவரும் ஒரே மேசையில்தான் மதியச் சாப்பாடு. நிரஞ்சனி முகாமையாளரானதும் வாட்டின் பொறுப்பு பஸ்லாவுக்கு வந்தது.

ஹாஜியார் நிரஞ்சனியைத் தெரிந்தெடுத்ததில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. நோயாளியின் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தால், குரலை உயர்த்தாமலே அவர்களை உட்கார வைத்துவிடுவார். தமிழில் பேசினால் தமிழில், சிங்களத்தில் கத்தினால் சிங்களத்தில். ஆனால் முகாமையாளர் வேலை என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் ஹாஜியார் அவரைக் கண்டியில் ஒரு ஹோட்டலில் நடந்த தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்.

அந்தப் பயிற்சியை அவர் மிகவும் ரசித்தார். திரும்பி வந்ததும் எங்களைப் பிடித்து வைத்துச் சொன்ன விதத்திலேயே அது தெரிந்தது. கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, பழைய பேப்பரில் ஒரு கோபுரம் கட்டச் சொன்னாராம். இவருடைய குழுவில் எல்லோரும் பெரிய கம்பனி ஆட்கள்; எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த நிரஞ்சனி, ஒருவரைப் பேப்பர் சுருட்டச் சொல்லி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, ஒருவரை ஒட்டச் சொல்லியிருக்கிறார்.

“நான் சொன்னத அவங்க கேட்டாங்க. எனக்கே நம்ப முடியல” என்று சிரித்தார்.

பயிற்சியின் கடைசியில் ஊழியர்களை ஊக்குவிப்பது பற்றி ஒரு பாடம். எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அந்த வேலை நடக்கும் என்று பயிற்சியாளர் சொன்னது அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. ஹாஜியாருக்கும் அது பிடித்துக்கொண்டது. ஏனென்றால் எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய தலையிடியே லீவுதான். திங்கட்கிழமை வந்தால் வாட்டில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள்.

இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். மாதம் முழுக்க லீவே எடுக்காதவருக்கு ஒரு ஊக்குவிப்புக் கொடுப்பனவு. ஒரு வாட்டில் ஒருவருமே லீவு எடுக்காவிட்டால், அந்த வாட்டிலுள்ள எல்லோருக்கும் அதற்கு மேல் இன்னொரு பங்கு. ஒற்றுமை வளரும் என்பதற்காக அந்த இரண்டாவது பங்கை யோசித்தவர் நிரஞ்சனிதான்.

முதல் மாதமே திங்கட்கிழமைகளில் வாட்டு நிரம்பியது. ஹாஜியார் கூட்டத்தில் எழுந்து அவரைப் பாராட்டினார். நிரஞ்சனி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே போனது. அதற்குள் நிரஞ்சனிக்குக் கூட்டங்கள் கூடிவிட்டன. காப்புறுதிக்காரர்கள், மருந்துக் கம்பனிக்காரர்கள், கட்டடத்தை நீட்டிக்க வந்த எஞ்சினியர். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் அறைக்கு முன்னால் இருக்கும் பிள்ளையிடம் நேரம் கேட்க வேண்டும். மதியச் சாப்பாட்டை அறைக்குள்ளேயே சாப்பிடத் தொடங்கினார். பஸ்லா தனியாகச் சாப்பிடுவதை நான் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வேலை கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மழைக் காலம் தொடங்கி ஊரெங்கும் டெங்கு வந்தது. இரண்டாம் மாடியில் லெட்சுமணன் என்றொரு உதவியாளர் இருந்தார். கட்டில் தள்ளுவது, நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவருவது அவர் வேலை. அவரும் எல்கடுவக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அந்த மாதக் கடைசியில் ஒரு நாள், மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்த ஒரு பையனை எக்ஸ்ரேக்குக் கூட்டி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“என்னண்ணே, சுகமில்லையா?” என்று கேட்டேன்.

“காய்ச்சல் இருந்திச்சு தம்பி. நேத்தோட விட்டிருச்சு. ஒடம்புதான் கொஞ்சம் அசதியா இருக்கு” என்றார்.

டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நான் அதை வாய் திறந்து சொல்வதற்குள், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடியே அவர் சரிந்து விழுந்தார். நாற்காலி உருளப் பார்த்தது. அந்தப் பையன் கதவு நிலையை எட்டிப் பிடித்து அதை நிறுத்தி, “அண்ணே, அண்ணே!” என்று கத்தினான்.

எங்களிடம் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. அவரை அம்புலன்ஸில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அம்புலன்ஸ் கதவு மூடும்போதுதான் நிரஞ்சனி கூட்டத்திலிருந்து ஓடி வந்தார். அங்கே பஸ்லா நின்றுகொண்டிருந்தார்.

“அந்த மனுசனுக்குக் காய்ச்சல் எண்டு ஒங்களுக்குத் தெரியுமா மேடம்?”

அந்த ‘மேடம்’ நிரஞ்சனியை அறைந்தது போலிருந்தது.

“தெரியாது பஸ்லா. யாரும் எங்கிட்ட சொல்லலியே.”

“நான் சொல்ல வந்தேன். மீட்டிங்ல இருக்காங்க, பிறகு வாங்க எண்டாங்க. வீட்டுக்குப் போங்க எண்டு அவருக்கு நானே சொன்னேன். போனாரா? எப்பிடிப் போவார்? அவர் லீவு போட்டா முழு வாட்டுக்கும் அந்த ரெண்டாவது பங்கு இல்லாமப் போகுதே. ரெண்டு பேர் அவர்ட மொகத்துக்கு நேராவே சொன்னாங்க, இன்னும் கொஞ்ச நாள்தானே, பல்லக் கடிச்சிக்கிட்டு வாங்க எண்டு.”

பஸ்லா திரும்பிப் படியேறிப் போய்விட்டார்.

அன்று மாலை நிரஞ்சனியோடு நானும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். லெட்சுமணனை உள்ளே வைத்திருந்தார்கள், பார்க்க விடவில்லை. வெளியே போட்டிருந்த நீள வாங்கில் அவருடைய மனைவி சுந்தரம்மா உட்கார்ந்திருந்தார். மலையிலிருந்து வந்த அவசரத்தில், கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. நிரஞ்சனியைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“ஒக்காருங்கக்கா” என்று நிரஞ்சனி அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். “என்னால வந்த வெனைக்கா இது.”

“நீங்க என்னா செஞ்சீங்க மிஸ்? நான் போக வேணாம்னுதான் சொன்னேன். என்னால மத்தவங்களுக்கு நட்டம் வரக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. எப்பவுமே அப்பிடித்தான் அவரு.” குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. அதனாலேயே நிரஞ்சனியால் தாங்க முடியவில்லை. வாங்கின் மறுபக்கம் திரும்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

ஆபத்து விலகியது என்று டொக்டர்மார் சொல்லும் வரை அவர் தினமும் அங்கே போய் வந்தார். அப்படிச் சொன்ன நாளன்று நேராக ஹாஜியாரிடம் போனார். அங்கே நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார்.

“அந்தத் திட்டத்த நிப்பாட்டணும் ஹாஜியார்.”

“ஒரு ஆளுக்குக் காய்ச்சல் வந்தத வச்சி நிப்பாட்டுறதா? அப்ப திங்கக்கெழமைக்கு யார் வாறது, நீங்களும் நானுமா?” ஹாஜியார் கெட்டவர் அல்ல. லெட்சுமணனின் செலவை எல்லாம் அவர்தான் பார்த்தார். ஆனால் பலன் தந்த ஒன்றைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

“நம்ம ஆஸ்பத்திரியில காய்ச்சக்காரங்க நோயாளிங்களத் தொட்டுத் தூக்குறாங்க. காய்ச்சல மறைக்கிறதுக்கு நாமளே காசு குடுக்குறோம். வெளிய தெரிஞ்சா யாரு இங்க வருவாங்க?”

ஹாஜியார் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடினார். பிறகு, “சரி, இந்த மாசம் நிப்பாட்டுங்க. ஆனா திங்கக்கெழமைக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார்.

வழி நிரஞ்சனிக்கும் தெரியாது. அடுத்த நாள் கடமை மாறும் நேரத்தில் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போய், தாதியர் தேத்தண்ணி ஊற்றும் சின்ன அறையில் உட்கார்ந்தார். ஏன் திங்கட்கிழமை வர முடியவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு மறுநாளும் போனார். பல்லேகமவிலிருந்து வரும் சிங்களப் பெண்தான் முதலில் பேசினாள். வார இறுதியில் ஊருக்குப் போனால், திங்கள் காலைக் கடமைக்கு நேரத்தோடு வந்து சேர பஸ் இல்லை. அந்த வாரக் கடமை நேரங்களைச் சனிக்கிழமை பின்னேரம்தான் ஒட்டுகிறோம். அதற்குள் அவள் பஸ் ஏறியிருப்பாள். எல்கடுவப் பிள்ளைகளுக்கும் காலைப் பஸ் பிந்தித்தான் நகரத்துக்கு வரும். பிந்தினால் ஏச்சு, ஏச்சு வாங்குவதைவிட லீவு போடுவது லேசு.

பஸ்லா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “நானே இதப் பல தடவ சொல்லியிருக்கேன்” என்றார்.

“எங்கிட்டயா?”

“ஒங்ககிட்டதான். நீங்க வாட்டுல இருக்கக்கொள்ள. அப்ப ஒங்களுக்கும் எனக்கும் ஒரு அதிகாரமும் இல்ல. இப்ப இருக்குதானே, செய்ங்க.”

செய்தார். கடமை அட்டவணை இரண்டு வாரத்துக்கு முன்பே வெளிவந்தது. தங்களுக்குள் நாளை மாற்றிக்கொள்ள பஸ்லாவின் சம்மதம் போதும் என்றாயிற்று. காலைக் கடமை பஸ் வரும் நேரத்துக்குத் தள்ளிப் போனது. கொடுப்பனவுக்கு ஒதுக்கிய காசைப் போக்குவரத்துச் செலவாக எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க ஹாஜியாரைச் சம்மதிக்க வைத்தார்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. அம்றா என்ற இளம் தாதி ஒரு நாளும் லீவு எடுக்காதவள். “எனக்கும் தலவலி வந்திச்சு, வீட்டுல பிரச்சினை வந்திச்சு. எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தேன். இப்ப வராதவங்களும் நானும் ஒண்டா மிஸ்?” என்று நேராகவே கேட்டாள். கொஞ்ச நாளில் அம்றா கண்டிக்கு வேலை மாறிப் போய்விட்டாள். நல்ல ஒரு தாதியை இழந்துவிட்டோம் என்று நிரஞ்சனி இன்றைக்கும் சொல்வார். திங்கட்கிழமைகளும் முழுதாகச் சரியாகிவிடவில்லை. ஆனால் யார் வரமாட்டார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். பஸ்லாவோடு பழையபடி ஒட்டுவதற்கும் மாதக்கணக்கானது. ஒரு நாள் மதியம் பஸ்லா தன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய், தட்டாமலே அந்த அறைக்குள் நுழைந்தார்.

போன வருடம் ஹாஜியார் தம்புள்ளையிலும் கலேவெலவிலும் சிகிச்சை நிலையங்கள் திறந்தார். அவற்றுக்கு வந்த புதிய முகாமையாளர்களுக்குத் தலைமைத்துவம் பற்றியும் ஊழியர் ஊக்குவிப்பு பற்றியும் அறிமுகம் சொல்லும் பொறுப்பு நிரஞ்சனிக்கு வந்தது. கண்டிப் பயிற்சியில் கிடைத்த படங்களைத் திரையில் காட்டித் தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு லெட்சுமணனின் கதையைச் சொன்னார். கணினியைக் கவனித்துக்கொண்டிருந்த நான் அடுத்த படத்துக்குப் போகாமல் நிறுத்திவைத்தேன்.

கலேவெலவுக்கு நியமனமான ரவூப், நிரஞ்சனியைவிட மூத்தவர். சுப்பர் மார்க்கட் ஒன்றை நடத்திப் பழகியவர். கையை உயர்த்தினார்.

“அப்ப நல்லா வேல செய்றவங்களுக்கு ஒண்டுமே குடுக்க வாணாமா மிஸ்?”

“குடுங்க. என்கிட்ட நல்லா வேலை செஞ்ச ஒரு புள்ள, ஒண்ணும் கெடைக்கலைன்னுதான் போயிட்டா. ஆனா ஒரு மனுசன் நோயில படுத்தா பறிபோற மாதிரி எதையும் குடுக்காதீங்க. குடுக்க முந்தி, அவங்களுக்கு என்னா கஷ்டம்னு போய்க் கேளுங்க. ஒங்க ரூமுக்கு வரச் சொல்லிக் கேக்காதீங்க.”

ரவூப் முழுதாக ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் நான் நிரஞ்சனியின் அறையில் இருந்தபோது ரவூப் தொலைபேசியில் வந்தார். பின்னால் ஆட்களின் இரைச்சல். பதிவு கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். இப்போது கவுண்டரில் ஆளில்லை, கியூ வாசல் வரைக்கும் போய்விட்டது.

“நீங்களே ஒக்காருங்க” என்றார் நிரஞ்சனி.

“எனக்கு அந்த மெஷின்ல பதிவுத் துண்டு அடிக்கத் தெரியாதே மிஸ்!”

“நான் சொல்றேன். மொதல்ல இருக்கிறவங்களோட பேரக் கேளுங்க.”

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். வெளியே மருந்துக் கம்பனிக்காரர் காத்திருப்பதாக முன்னால் இருக்கும் பிள்ளை வந்து சொன்னாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று கையால் காட்டிவிட்டு, ரவூப்பின் அடுத்த நோயாளிக்குப் போனார்.