மத்தி டப்பாவில் ஏறிய ஆஷூர்

சாஃபி துறைமுகத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றின் பின்னால், ஒற்றை அறையும் முற்றமுமாக ஓர் இடம். அங்கே ஹனியா பதினோரு வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு முன்னால் அவளும் ஆலையில் மீன் தலை கிள்ளியவள்தான். மணிக்கட்டு வீங்கி மடக்க முடியாமல் போனபோது, "எங்க புள்ளைங்களயாவது பாத்துக்கோ" என்று கூட வேலை பார்த்த பெண்கள் அந்த அறையைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் என்று அங்கே ஒரு கை போன பிளாஸ்டிக் பொம்மை மட்டும் உண்டு. மற்றபடி ஓரம் மழுங்கத் தேய்த்த மத்தி டப்பாக்கள், வலைத் தக்கைகள், துணித்துண்டுகள், தண்ணீர் நிறைத்த பெரிய அலுமினியத் தொட்டி. எதை வைத்து என்ன விளையாடுவது என்று ஹனியா சொல்லித் தரமாட்டாள். டப்பா பேருந்தானால் அவள் பயணி, கட்டிலானால் நோயாளி. கதை பாதியில் நின்றால் "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள்.

"சும்மா உக்காந்திருக்க உனக்குச் சம்பளம்" என்று ஒருத்தி ஒரு நாள் குத்திக் காட்டினாள்.

"நான் வாயத் தொறந்தா அதுங்க மூடிக்கும். வாய மூடிட்டு உக்கார்றதுதான்டி கஷ்டமான வேல. ஒரு நாள் செஞ்சு பாரு, தெரியும்" என்றாள் ஹனியா. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பெரியவர்களில் பாதிப்பேருக்கு அது கடைசிவரை வருவதில்லை.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த பத்தாம் நாள், மீன் பிடிக்க ரஹ்ஹால் போன படகு திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. ஆலையில் வேலை பார்க்கும் அவன் மனைவி மபார்கா வீட்டில் யாரையும் ஒப்பாரி வைக்க விடவில்லை. ஐந்து வயது மகள் யாம்னாவிடம், அப்பா தெற்கே தாக்லாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தாள்.

"அக்கா, புள்ளைக்குத் தெரியக் கூடாது. உன் வாயிலேருந்து தெரிஞ்சுதுன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள் ஹனியாவிடம். ஹனியா தலையாட்டினாள்.

அன்றிலிருந்து யாம்னா விளையாடவில்லை. டப்பாவைக் கையில் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்வாள். அது பேருந்தாகவும் ஆகாது, கட்டிலாகவும் ஆகாது, டப்பாவாகவே கிடக்கும். என்ன கேட்டாலும் ஒரு 'ம்'. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகூடத் தலையணையைக் கப்பலாக்கும் என்பது ஹனியாவுக்குத் தெரியும். இந்தப் பிள்ளை இப்படியே மூடிக்கொண்டுவிடுமோ என்று பயந்தாள்.

இப்படி மூன்று மாதம் போய், முஹர்ரம் பத்தில் ஆஷூரா நாள் வந்தது. பக்ரீத் ஆட்டின் எலும்பைக் காயவைத்து எடுத்துவைத்திருந்த சிறுமிகள், காலையிலேயே அதற்குச் சட்டையும் தலைப்பாகையும் கட்டி, பாபா ஆஷூர் என்று பெயரிட்டுவிட்டார்கள். பிற்பகலில் தலையை விரித்துப்போட்டு அழுது, அவரை அடக்கம் செய்ய வேண்டும். வருடா வருடம் நடப்பதுதான்.

யாம்னாவை இன்றைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள் ஹனியா. "ரெண்டு லோடு மீன் வந்து கெடக்கு. நான் எங்கக்கா விடுவேன்?" என்று மபார்கா ஓடிவிட்டாள். காரணம் சொல்லாமல் மற்றவர்களின் விளையாட்டை நிறுத்தவும் முடியாது. யாம்னாவை அறையின் கோடியில், முற்றத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாள்.

முற்றத்தில் குழி தோண்டி ஆஷூரை இறக்கியாகிவிட்டது. கூட்டத்தில் மூத்தவள், எட்டு வயது தாமு, அதட்டிக்கொண்டிருந்தாள். "ஒழுங்கா அழுங்கடி. சிரிச்சா அவருக்குச் சொர்க்கம் கெடைக்காது."

யாம்னா எழுந்து வந்தது யாருக்கும் தெரியவில்லை. குழியிலிருந்து ஆஷூரை எடுத்தாள். மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு டப்பாவில் படுக்கவைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டாள்.

"இவர மண்ணுல போடாதீங்க. இவர் தண்ணிக்குள்ள இருக்கார்."

தாமு வாயைத் திறக்கும் முன் ஹனியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மபார்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. பேச்சை மாற்றிவிடலாம், ரொட்டி கொடுத்து உள்ளே கூட்டிப் போய்விடலாம். மாற்றினால் பிள்ளை மறுபடி மூடிக்கொள்ளும்.

"அப்புறம்?" என்றாள்.

யாம்னா ஒரு விரலால் டப்பாவைச் சாய்த்தாள். தண்ணீர் ஏறி, ஆஷூர் அடிக்குப் போனார். "பெரிய அலை வந்துச்சு. அவர் கூப்புட்டார். யாருக்கும் கேக்கல."

ஆலைச் சங்கு ஊதியதை யாரும் கவனிக்கவில்லை. சட்டைக் கையில் மீன் செதிலோடு மபார்கா முற்றத்து வாசலில் வந்து நின்றாள். ஹனியா மட்டும் பார்த்தாள். என்ன சொல்லித் தப்பிப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை.

யாம்னா மற்ற சிறுமிகள் பக்கம் திரும்பினாள். "இப்ப அழுங்க. ஆனா மெதுவா. அம்மா காதுல விழக் கூடாது. அம்மாவுக்கு இவர் வேலைக்குப் போயிருக்கார்னு நெனப்பு. தெரிஞ்சா தாங்க மாட்டா, பாவம்."

மபார்கா வந்து தொட்டியருகில் மண்டியிட்டாள். "எனக்குத் தெரியும்டி, கண்ணு" என்றாள்.

யாம்னா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப சத்தமாவே அழலாம்" என்றாள்.

ரஹ்ஹாலுக்காக அந்தத் தெருவில் முதல் ஒப்பாரி அன்று சாயங்காலம்தான் கேட்டது.